மாநகராட்சி நடத்தும் விழாக்களும் வகுப்புகளும் யாருக்காக? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

தாழ்வாரம்

எங்கள் மாநகராட்சியின் அடுத்த ஆண்டு நிகழ்ச்சித் திட்டம் வரைவாக வெளியாகியிருக்கிறது. பெரிய விழாக்கள் கூடியிருக்கின்றன. இசை விழா, விளக்கு விழா, கடைசி நாளில் ட்ரோன் காட்சி வேறு. ஆனால் வாராவாரம் நடக்கும் முதியோர் உடற்பயிற்சி வகுப்பையும் பிள்ளைகளின் மாலை நேர ஓவிய வகுப்பையும் பாதியாக வெட்டிவிட்டார்கள். ஏன் என்று தொலைபேசியில் கேட்டால் "வருகை போதவில்லை மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த உடற்பயிற்சி வகுப்புக்கு என் அம்மா போகிறார். கூடத்தில் நாற்காலி போதாமல் வீட்டிலிருந்து ஸ்டூல் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட இருக்கிறார்கள் என்கிறார், அப்புறம் எந்த வருகை போதவில்லை?

வரைவு பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் வரப்போகிறது. போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன். எதைக் கேட்டால் மழுப்ப முடியாது என்று இந்த வேலையை உள்ளேயிருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

எதிர்க்கட்சி

கேட்க வேண்டியது ஒன்றுதான். சாக்கடை, தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, இந்த நாலும் ஒழுங்காக நடக்கிறதா? நடந்த பிறகு ட்ரோனும் விடட்டும், ஓவியமும் சொல்லித் தரட்டும். உடற்பயிற்சி யூடியூப்பிலேயே இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. யாரோ கையைக் காலை ஆட்டுவதற்கு என் வரிப்பணத்திலிருந்து எதற்குச் சம்பளம்? கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை

எதிர்க்கட்சி அண்ணே, இது போனால் போகிறதென்று மாநகராட்சி செய்கிற தர்மம் இல்லை. இந்தியாவை எடுத்துக்கொண்டால், 1993ல் நடைமுறைக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம் 12வது அட்டவணையில் நகர அமைப்புகளுக்கு 18 பணிகளைச் சொல்கிறது. தண்ணீரும் சாலையும் துப்புரவும் இருக்கிற அதே பட்டியலில்தான் பூங்கா, விளையாட்டுத் திடல், பண்பாடு, கல்வி எல்லாம் இருக்கின்றன. மாநில அரசுகள் அதில் எவ்வளவை ஒப்படைத்தன என்பது தனிக்கதை.

சட்டத்தை விடுங்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் செத்துப்போனார்கள். நிறைய பேர் தனியாக வசித்த முதியவர்கள். எரிக் கிளைனன்பெர்க் என்கிற சமூகவியலாளர் பிறகு போய் ஆராய்ந்தார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வாழும் கிழவர்களும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் சாவு விகிதம் ஒன்றில் மற்றதைப்போல் பத்து மடங்கு. குறைவாகச் செத்த பகுதியில் தெருவில் நடமாட்டம் இருந்தது, கடைகள் திறந்திருந்தன, வயதானவர்கள் தினமும் வெளியே வந்து போனார்கள். மற்றதில் பாழடைந்த மனைகள், மூடிய கடைகள், பயந்து உள்ளேயே இருந்தவர்கள். ஒருவர் இன்றைக்கு வரவில்லையே என்று கவனிக்க நாலு பேர் இருக்கிறார்களா என்பதுதான் விஷயம். யூடியூப்புக்கு அது தெரியாது.

எதிர்க்கட்சி

அங்கே காப்பாற்றியது கடைத்தெருவும் நடமாட்டமும்தானே, மாநகராட்சி வகுப்பு இல்லையே. தெருவை நடக்கிற மாதிரி போட்டு விளக்கு எரிய விட்டால் மக்கள் தானாக வெளியே வருவார்கள். நான் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

பாதி சரி. நடமாட்டம் இருக்கிற தெருவில் வகுப்பு தேவைப்படாது என்று வைத்துக்கொள்வோம். நடமாட்டம் செத்துப்போன பகுதியில் என்ன செய்வது? ஆட்கள் வெளியே வர ஒரு காரணம் வேண்டாமா?

பழைய கோப்பு

தாழ்வாரம் அவர்களுக்கு. நான் ஒரு மாநகராட்சியின் நிகழ்ச்சிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். "வருகை போதவில்லை" என்கிற வரி எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

வகுப்புக்கு வருகைப் பதிவேடு இருக்கும். அதில் முன்பதிவு செய்தவர்கள் பெயர்தான் அச்சாகியிருக்கும். ஸ்டூல் தூக்கிக்கொண்டு நேராக வந்தவரை பயிற்சியாளர் உள்ளே விடுவார், ஆனால் பெயர் எழுத மாட்டார், எழுதினால் "அனுமதித்த எண்ணிக்கையை ஏன் மீறினாய்" என்று கேள்வி வரும். ஆக அறை நிரம்பி வழிந்தாலும் தாளில் பாதிதான் இருக்கும், பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்கு நேராகப் போட்ட குறுக்குக்கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். மாதக் கடைசியில் மேலே போவது அந்தத் தாள்தான்.

விழாவுக்கோ பதிவேடே கிடையாது. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது மேடையிலிருந்து ஒரு படம் எடுப்பார்கள், யாராவது ஒரு எண்ணைச் சொல்வார்கள், அது பத்திரிகைக் குறிப்பில் ஏறிவிடும். எண்ணுவதற்கு முறை இல்லாமல் இல்லை. ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்று பெர்க்லியில் இதழியல் பேராசிரியர் ஒருவர் 1960களிலேயே சொல்லியிருக்கிறார். இடத்தைக் கட்டங்களாகப் பிரி, தளர்வான கூட்டமென்றால் ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருக்கமென்றால் நாலரை சதுர அடி, வகுத்துப் பார். ஒரு படமும் பென்சிலும் போதும். நான் இருந்த வரைக்கும் யாரும் செய்து பார்த்ததில்லை, செய்தால் எண் சுருங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய சூட்சுமம் ஒன்று இருக்கிறது. மூன்று நாள் விழாவுக்கு மூன்று நாளும் வந்த ஒருவர் கணக்கில் மூன்று பேர். ஆண்டு முழுக்க வாரம் இரண்டு முறை வகுப்புக்கு வந்த உங்கள் அம்மா ஒரு "பயனாளி". இரண்டு எண்ணும் அறிக்கையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், கவுன்சிலர்கள் அதைப் பார்த்துத்தான் கை தூக்குகிறார்கள். ஆள்-மணி கேளுங்கள், அதாவது எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்று பெருக்கிய கணக்கு. சும்மா ஒரு கணக்குக்கு: 25 பேர், வாரம் 2 மணி நேரம், 48 வாரம் என்றால் 2,400 ஆள்-மணி. விழாவில் நிஜமாகவே 2,000 பேர் ஒன்றரை மணி நேரம் நின்றால் 3,000. ஒரே ஒரு வகுப்பு ஒரு மாலை விழாவுக்குக் கிட்டத்தட்ட நிகராக வந்து நிற்கிறது பாருங்கள். இரண்டின் செலவையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

செலவில் இன்னொரு கண்கட்டு. மேடை, ஒலி, ஒளி, ஜெனரேட்டர், தடுப்பு, நடமாடும் கழிப்பறை, பாதுகாவலர், காப்பீடு, இதெல்லாம் விழாக் கணக்கில் வரும். மறுநாள் விடியற்காலை அந்த மைதானத்தைப் பெருக்கும் துப்புரவுப் பணியாளரின் ஓவர்டைம் வராது. அது துப்புரவுத் தலைப்பில் போய்விடும். எதிர்க்கட்சி சொன்ன குப்பைப் பணத்தில் ஒரு பகுதி அங்கேதான் கரைகிறது.

எதிர்க்கட்சி

இந்தக் கடைசிப் பத்திக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம்.

நைட் ஷிப்ட் நாகு

வருகை வருகை என்கிறீர்கள், முதலில் வர விட்டால்தானே. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கான விடுமுறை வகுப்புக்கு காலை ஏழு மணிக்கு இணையதளம் திறக்கும், பல் விளக்கி முடிப்பதற்குள் எல்லா இடமும் போய்விடும், அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்று ஒன்று காட்டும், அது நகர்ந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யாருக்குக் கிடைக்கிறது? வீட்டில் வேகமான இணையமும் இரண்டு லேப்டாப்பும் வைத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு திரையில் உட்கார முடிகிறவர்களுக்கு. ஏழு மணிக்கு நான் ஷிப்ட் முடிந்து பேருந்தில் தொங்கிக்கொண்டிருப்பேன். என் மனைவி அந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். இலவசம் என்று போர்டு வைத்தால் போதுமா, கட்டணத்தைக் காசாக வாங்காமல் நேரமாக வாங்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. பெரியவர்களுக்கான கணினி வகுப்பு காலை பத்தரை மணிக்கு. கணினி கற்றுக்கொண்டு நல்ல வேலைக்குப் போக நினைக்கிறவன் பத்தரை மணிக்கு எங்கே இருப்பான்? இருக்கிற வேலையில் இருப்பான்.

பழைய கோப்பு

நாகு, பத்தரை மணி வைப்பதற்குக் காரணம் காவலாளி. ஆறு மணிக்குமேல் கூடத்தைத் திறந்து வைத்தால் ஒருவருக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்க முழு வகுப்பும் வீணாகிறது. நீங்கள் சொல்வது அத்தனையும் நியாயம்.

பதிவுக்கு வழி இருக்கிறது. எல்லா இடத்தையும் ஒரே நொடியில் திறக்கக் கூடாது. ஒரு பங்கு இணையத்தில், ஒரு பங்கு தொலைபேசியிலும் நேரிலும், ஒரு பங்கு மாலையில். அதிகமாக முட்டி மோதும் வகுப்புகளுக்கு ஒரு வாரம் விண்ணப்பம் வாங்கிக் குலுக்கல் போடலாம், வேகமான விரலுக்கு அங்கே மரியாதை கிடையாது. இலவச வகுப்பென்றால் பதிவு செய்தவர்களில் கணிசமானவர்கள் வர மாட்டார்கள், அது தெரிந்த விஷயம், ஆகவே இரண்டு நாள் முன்னால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி "வருகிறேன்" என்று பதில் போடாதவர் இடத்தைக் காத்திருப்பவருக்குத் தரலாம். நாங்கள் செய்து பார்த்தோம், பட்டியல் நகர்ந்தது.

மூன்றாம் படி

நான் நூலகத்தில் இருக்கிறேன். எங்கள் கதை சொல்லும் நேரத்துக்கு முன்பதிவே கிடையாது. ஒரே கிழமை, ஒரே நேரம், ஆண்டு முழுக்க. இதற்கு விளம்பரமும் தேவைப்படாது, ஏனென்றால் ஒரு தாய் இன்னொரு தாயிடம் "புதன் நாலு மணி" என்று சொன்னாலே முடிந்தது. மாதாமாதம் தேதியை மாற்றி, அழகான போஸ்டரை வடிவமைத்து, அதைப் படமாக இணையதளத்தில் ஏற்றுகிற துறைகளைப் பார்க்கிறேன். அந்தப் படத்தைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பானால் படிக்க முடியாது, தேடினாலும் அகப்படாது. நிகழ்ச்சி முடிந்த மறுநாள்தான் முகநூலில் கண்ணில் படும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வாசலில் நிற்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஒரு தாத்தா, சதுரங்க மாலைக்கு வருவார், உள்ளே வர மாட்டார், கதவுக்குப் பக்கத்தில் செய்தித்தாள் படிப்பது மாதிரி நின்றுகொண்டு ஓரக்கண்ணால் ஆட்டத்தைப் பார்ப்பார். "வாங்க ஐயா" என்றால் கிளம்பிவிடுவார். அதனால் விட்டுவிட்டோம். பல வாரம் கழித்து ஒருநாள் ஒரு பையன் தப்பாக நகர்த்தியது பொறுக்காமல் "குதிரையை எடுடா" என்று உள்ளே வந்துவிட்டார். இப்போது அவர்தான் பலகைகளை எடுத்து வைக்கிறார். மூன்று மாத முன்னோட்டத் திட்டம், நிதி தீர்ந்ததும் மூட்டை கட்டு என்கிற ஏற்பாட்டில் இந்த மனிதர் வாசலைத் தாண்டியே இருக்க மாட்டார்.

நைட் ஷிப்ட் நாகு

குதிரையை எடுடா! நானும் அந்த ஜாதிதான், ஆட்டம் தப்பாகப் போனால் பேசாமல் இருக்க முடியாது.

ஊர்சுற்றி

எல்லோரும் சேர்ந்து விழாவைப் போட்டு மிதிக்கிறீர்களே, நான் விழாக் கட்சி. கொண்டாட்டம் என்றாலே வீண்செலவு என்பது ஒரு மாதிரி வறட்டுத்தனம். பாரிஸில் 2002 கோடையில் சேன் நதிக்கரை நெடுஞ்சாலையை மூடி மணலைக் கொட்டிச் சாய்வு நாற்காலி போட்டார்கள், பாரிஸ் பிளாஜ் என்று பெயர், விடுமுறைக்கு வெளியூர் போக வசதியில்லாதவர்களுக்கும் ஒரு கடற்கரை என்பது மேயர் தெலனோவின் யோசனை. பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வருடா வருடம் நடந்தது. காரில்லாத நதிக்கரை எப்படி இருக்கும் என்று ஊரே காலால் நடந்து பார்த்துவிட்டது. வலது கரையில் அந்தச் சாலையைக் கார்களுக்கு நிரந்தரமாக மூட 2016ல் நகர மன்றம் தீர்மானம் போட்டது. எத்தனை கருத்தரங்கு நடத்தியிருந்தாலும் இது நடந்திருக்காது.

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் சிக்லோவியா 1974 டிசம்பரில் ஒருநாள் சைக்கிள் நிகழ்ச்சியாகத்தான் ஆரம்பித்தது. இன்று ஞாயிறும் விடுமுறை நாட்களும் காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலை மக்களுக்கு. வழியில் பூங்காக்களில் இலவச ஏரோபிக்ஸ். டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் 2013ல் ராஹ்கிரி என்கிற காரில்லாத தெரு நாள் தொடங்கியதும் இந்த வழியில்தான்.

மூன்றாம் படி

நீங்கள் சொன்ன போகோட்டா உதாரணம் எங்கள் பக்கம் அல்லவா? வாராவாரம், அதே நேரம், பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம். அதை விழா என்று சொன்னால் எங்கள் கதை நேரமும் விழாதான். பாரிஸுக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன்.

ஊர்சுற்றி

சரி, ஒன்றுக்கு ஒன்று. ஆனால் பெரிய விழாவில் கிடைக்கிற ஒரு விஷயம் வகுப்பில் கிடைக்காது. வகுப்புக்கு ஒரே மாதிரி ஆட்கள்தான் வருவார்கள். விழாவில்தான் நகரத்தின் இரு முனையிலிருப்பவர்களும் ஒரே வரிசையில் கழிப்பறைக்கு நிற்கிறார்கள்.

வெளிவாசல்

அந்தக் கழிப்பறை வரிசையில் நான் நின்றதில்லை. சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை நான் போன எந்த விழாவிலும் இருந்ததில்லை, அல்லது இருந்து, அதில் ஒயர்ச் சுருளையும் தண்ணீர்ப் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். புல்தரையில் சக்கரம் புதையும், கேபிள் மூடி போட்ட இடத்தில் முன்சக்கரம் மாட்டும். "எல்லோரும் வாருங்கள்" என்று ஃப்ளெக்ஸ் மட்டும் பிரமாதமாக இருக்கும். வகுப்பு நடக்கும் கூடத்துக்கு ஒரு சாய்தளம் கட்டினால் அது ஆண்டு முழுக்க, எல்லா நிகழ்ச்சிக்கும் நிற்கும். விழாவுக்குப் போடுகிற பலகைச் சாய்தளம் மறுநாள் வண்டியில் ஏறிவிடும். நான் எந்தக் கட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டாமே.

குளத்தங்கரை

நீச்சல் சொல்லித் தருகிறவள். இந்த இழையில் நீச்சல் வரவே இல்லை, அதுதான் எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2021ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் சின்னப் பிள்ளைகள் நிறைய. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்பது அவர்கள் சொல்கிற வழிகளில் ஒன்று. சொந்தமாக நீச்சல் குளம் வைத்திருக்கிற மாநகராட்சி அதைச் செய்யாமல் வேறு யார் செய்வது, எதிர்க்கட்சி ஐயா?

பெண்களுக்கான தனி நேரத்தையும் "வருகை இல்லை" என்றுதான் நிறுத்துவார்கள். எங்கள் குளத்தில் காரணம் வேறாக இருந்தது. பார்வையாளர் மேடையிலிருந்து குளம் முழுசாகத் தெரியும், யாரும் வரவில்லை. ஒரு திரை கட்டிவிட்டு, கரையில் நிற்கும் உயிர்காப்பாளரும் பெண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். அதன் பிறகு இடம் இல்லை.

எதிர்க்கட்சி

நீச்சலுக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை அம்மா, அது உயிர் விஷயம். என் கேள்வி வேறு. எது வேண்டுமென்று யார் முடிவு செய்கிறார்கள்? அதிகாரி முடிவு செய்கிறார். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989ல் பகுதி பகுதியாக மக்களைக் கூட்டி எதற்கு முதலில் செலவழிக்கலாம் என்று அவர்களையே கேட்டார்கள். மக்கள் தண்ணீரும் கழிவுநீரும் சாலையும் கேட்டார்கள். டான்ஸ் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை

தண்ணீர்க் குழாயே இல்லாத இடத்தில் குழாய்தானே கேட்பார்கள். அந்த நகரத்திலும் 2004 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு அந்த ஏற்பாடு மெல்ல மெல்லத் தேய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் மக்களைக் கேள் என்பதில் சண்டையே இல்லை. மறுபடி போகோட்டாவுக்கே போகிறேன். அங்கே 2020ல் பராமரிப்பு வளாகங்கள் என்று தொடங்கினார்கள். வீட்டில் குழந்தையையோ நோயாளியையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக. அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடிக்கும் வகுப்பில் உட்காரும் நேரத்தில் அவர் பார்த்துக்கொள்கிறவரை அதே இடத்தில் வேறு ஆள் பார்த்துக்கொள்வார், துணி துவைக்கவும் வசதி உண்டு. ஏன் வர முடியவில்லை என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எந்த ஊர்ப் பெண்ணும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. கேட்க வேண்டியதை இப்படி எழுதி வைத்திருக்கிறேன். வெட்டிய வகுப்புகளுக்கும் விழாக்களுக்கும் ஆள்-மணிக் கணக்கு தர முடியுமா? விழாவின் எண்ணை எந்த முறையில் எண்ணினீர்கள்? விழாவுக்கான துப்புரவு ஓவர்டைம் எந்தத் தலைப்பில் போகிறது? பதிவில் எத்தனை இடம் இணையத்துக்கு வெளியே? மாலை ஆறு மணிக்குமேல் கூடத்தைத் திறந்து வைக்க ஆகும் கூடுதல் செலவு எவ்வளவு? சக்கர நாற்காலிக் கழிப்பறை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? அம்மா தன் தோழிகளையும் கூட்டி வருவதாகச் சொல்கிறார்.

பழைய கோப்பு

நல்ல பட்டியல். வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஓவர்டைம் தலைப்பை முதலில் கேட்காதீர்கள், கணக்குப் பிரிவு உடனே உஷாராகிவிடும், மற்ற எதற்கும் பதில் வராது. எண்ணும் முறையில் ஆரம்பியுங்கள். அதற்கு யாரிடமும் பதில் இருக்காது, அங்கிருந்து ஆள்-மணிக்கு வருவது சுலபம்.

கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிவிடுங்கள். வாயால் கேட்டது "உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர்" என்று நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியாக முடிந்துவிடும். எழுத்தில் வந்ததற்குக் கோப்பில் எண் விழும், எண் விழுந்தால் யாராவது பதில் எழுதியாக வேண்டும். அம்மாவின் தோழிகள் வருகிறார்களென்றால் ஆளுக்கொரு தாளாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே தாளில் முப்பது கையெழுத்து இருந்தால் ஒரு மனு, முப்பது தாள் என்றால் முப்பது மனு.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது நடக்கிற வகுப்புகளில் நேராக வருகிறவர்களின் பெயரைத் தனி நோட்டில், தேதி போட்டு, அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டே வாருங்கள். பயிற்சியாளரைச் செய்யச் சொல்லாதீர்கள், அவர் வேலைக்கு வம்பு. வருகிற முதியவர்களில் யாராவது ஒருவர் நோட்டை வைத்துக்கொள்ளட்டும்.